எண்பத்தெட்டாவது வரி

அத்தியாயம் பதினேழு

சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த அன்று பெரியவள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். அப்பா அறை வாசலில் நின்று, “சாவிதானே போச்சு, கை இருக்குல்ல?” என்று கேட்டார். சென்ற வாரம் அந்த வாசலில்தான் அவர்களை விட்டு வந்தோம்.

அது இரும்புச் சாவி அல்ல. பெரியவள் வேலை பார்க்கும் நிறுவனத்தின் காரியங்களெல்லாம் வாடகை இயந்திரங்களில் நடக்கின்றன. அவை எந்தக் கட்டடத்தில் இருக்கின்றன என்று அவளுக்கே தெரியாது. அவற்றை எழுப்பவும் நிறுத்தவும் அழிக்கவும் நீளமான ஓர் எழுத்துக்கோவைதான் சாவி. நிறுவனத்தை இன்னொரு பெரிய நிறுவனம் வாங்கியதும் எல்லோருடைய சாவியும் போயிற்று. பதிலுக்குக் கொடுத்த புதுச் சாவி ஒரே ஒரு வேலைதான் செய்யும். என்னென்ன இயந்திரங்கள் ஓடுகின்றன என்று பட்டியல் காட்டும். பார்க்கலாம்; தொட முடியாது.

இனி, செவ்வாய்க்கிழமை காலை.

“எல்லாரும் எடுத்தாங்களா?” என்று அப்பா கேட்டார்.

தினமும் டீ ஆறுவதற்குள் கேட்கும் கேள்வி இது. சின்னவள் நர்ஸ் உடுப்பில் நின்றபடியே பதில் சொன்னாள்.

“எடுத்தாச்சுப்பா. ரெண்டு பேர் மட்டும் ரெண்டாவது தடவை எடுத்தாங்க. இருநூத்திப் பன்னிரண்டு பேரும் சௌக்கியம். நீங்க டீயைக் குடிங்க.”

“எங்கே, காட்டு.”

“உங்களுக்கு என்னப்பா நம்பிக்கை இல்லையா? லிஃப்ட் கயிறு பார்க்கற மாதிரியே பார்க்கறீங்க.”

“கயிறைக் கண்ணால பார்த்தவன்தான் நிம்மதியாத் தூங்குவான்” என்று போனை வாங்கினார். முப்பத்துநாலு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். திரையை விரலால் கொஞ்சம் தள்ளினார், ஒரு கணம் பார்த்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகுதான் டீ இறங்கியது.

இரண்டு வருடம் நாலு மாதத்துக்கு முன்னால் சின்னவளின் வார்டுக்கு ஓர் அம்மாளைக் கொண்டுவந்தார்கள். வீட்டில் விழுந்து மூன்று நாள் கிடந்தவர். தனியாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. அன்று சின்னவள் வீட்டுக்கு வந்து, “மூணு நாள் கழிச்சு வந்தா நான் என்னக்கா செய்யறது?” என்று அழுதாள். அக்கா நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து ஒரு சின்ன ஏற்பாடு எழுதிக் கொடுத்தாள். தனியாக வாழும் முதியவர்களுக்குக் காலை ஆறு மணிக்குத் தானாக ஓர் அழைப்பு போகும். சின்னவள் குரலில், “வணக்கம். நல்லா இருக்கீங்களா? நல்லா இருந்தா ஒண்ணை அழுத்துங்க” என்று கேட்கும். அழுத்தினால் அவர் எண்ணுக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி விழும். மூன்று தடவை கூப்பிட்டும் அழுத்தாவிட்டால், அவர் வீட்டுக்கு அருகிலுள்ள தொண்டர் ஒருவருக்கு அந்த எண்ணும் முகவரியும் போகும். அவர் போய்க் கதவைத் தட்டுவார்.

பதினொரு பேரில் தொடங்கியது, இருநூற்றுப் பன்னிரண்டாக வளர்ந்திருந்தது. ஆறு உயிர் பிழைத்திருந்தன. சின்னவள் இதை யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

அலுவலகத்தில் பதினொன்றே காலுக்கு அந்தக் கடிதம் வந்தது.

புது நிறுவனத்தின் தலைமை அலுவலகம் அனுப்பியது. இரண்டு வாரத்துக்கு முன் அவர்கள் ஒரு பட்டியல் கேட்டிருந்தார்கள். உங்களிடம் ஓடும் இயந்திரங்கள் எவை, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் யார்? பட்டியலில் உள்ளவை இருக்கும். மற்றவை அழிக்கப்படும். பெரியவள்தான் பட்டியல் எடுத்து, ‘இதுவே முழுப் பட்டியல்’ என்ற வரிக்குக் கீழே தன் பெயரைப் போட்டு அனுப்பியிருந்தாள்.

கடிதம் மூன்றே வரி. ‘உங்கள் பட்டியலில் எண்பத்தேழு. எங்கள் கணக்கில் எண்பத்தெட்டு. பொறுப்பாளர் இல்லாத ஒன்று இன்று மாலை நான்கு மணிக்கு அழிக்கப்படும்.’

யாரோ மறந்து விட்டுப்போன அனாதை இயந்திரம் என்றுதான் நினைத்தாள். பக்கத்து மேஜைக்காரியிடம், “பாரேன், நம்ம கண்ணுக்கே தெரியாம ஒண்ணு ஓடிட்டிருந்திருக்கு” என்று சிரிக்கக்கூடச் செய்தாள்.

பட்டியல் எடுப்பதற்கு அவளிடம் ஒரு ஸ்கிரிப்ட் உண்டு, கணினிக்கான சிறு கட்டளைத் தொகுப்பு. நாற்பது வரிகூட இருக்காது. அது இயந்திரங்களை வாடகைக்குத் தரும் நிறுவனத்தின் வாசலில் போய் நின்று, சாவியைக் காட்டி, ‘எங்கள் பெயரில் என்னென்ன ஓடுகிறது?’ என்று கேட்கும். ஏபிஐ என்று அந்த வாசலுக்குப் பெயர். உள்ளிருந்து வரும் பதிலை வரிவரியாக அடுக்கித் தரும். இயந்திரத்தின் பெயர், எப்போது எழுப்பப்பட்டது, எந்த நிலையில் இருக்கிறது, பொறுப்பாளர் யார்.

இப்போது ஓட்டினாள். எண்பத்தேழு வரி வந்தது.

எங்கே போயிற்று எண்பத்தெட்டாவது? ஸ்கிரிப்டைத் திறந்து மேலிருந்து படித்தாள். இருபத்து மூன்றாவது வரியில் கண் நின்றது.

‘பொறுப்பாளர் பெயர் காலியாக இருந்தால், காட்டாதே.’

அவளே எழுதிய வரி. எழுதியதே மறந்துபோன வரி.

அதை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினாள். அடியில் ஒரு வரி கூடுதலாக வந்து நின்றது. இருப்பதிலேயே சிறிய ரக இயந்திரம். எழுப்பி இரண்டு வருடம் நாலு மாதம். பெயர், ‘காலை’. நிலை, ஓடுகிறது. பொறுப்பாளர் என்ற இடத்தில் வெள்ளை.

அவள் முகத்தைப் பார்த்த பக்கத்து மேஜைக்காரி நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து, “என்னடி ஆச்சு?” என்றாள். பெரியவள் திரையின் கடைசி வரியைச் சுட்டிக் காட்டினாள்.

காலை அழைப்பு ஓடும் அந்த இயந்திரத்தைக் கொடுத்தவர் பழைய முதலாளி. “சும்மா கிடக்கற சின்ன மெஷின் ஒண்ணை எடுத்துக்கோம்மா. நல்ல காரியம். என் பேரெல்லாம் போடவேண்டாம்” என்று நடந்துகொண்டே சொன்னவர். அவர் பெயரைப் போடவில்லை. தன் பெயரையும் போட அவளுக்கு மனம் வரவில்லை. வீட்டு வளர்ப்பு அப்படி. அப்பா ஒருமுறை மருத்துவமனைக்கு நாலு நாற்காலி வாங்கிக் கொடுத்தார். அவற்றின் முதுகில் பெயர் எழுதட்டுமா என்று கேட்டார்கள். “உட்காரப்போறவர் முதுகு என் பேருக்கு மேல உரசணுமா? வேண்டாங்க” என்று வந்துவிட்டார். அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்த பெண்கள். பட்டியலைப் பார்க்கிற யாரும் இதை யார் செய்தது என்று கேட்டுவிடக்கூடாதே என்றுதான் அந்த இருபத்து மூன்றாவது வரியையும் எழுதினாள்.

பிறர் கண்ணுக்குத் தெரியாமல் செய்ததில் தவறில்லை. தன் கண்ணுக்கே தெரியாமல் வைத்துவிட்டாள்.

பொறுப்பாளர் இடத்தில் தன் பெயரை எழுதப் பார்த்தாள். ‘அனுமதி இல்லை’ என்று பதில் வந்தது.

உள்ளிருப்பதை நகல் எடுக்கப் பார்த்தாள். அனுமதி இல்லை.

அழிக்கமுடியாதபடி பூட்டு ஒன்று போடலாம். அதையும் முயன்றாள். அனுமதி இல்லை.

மூன்று தடவையும் ஒரே சொல், ஒரே அளவு. திட்டியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது.

எழுந்து மேலாளர் அறைக்கு ஓடினாள். எதற்கும் முதலில் ‘பொறுங்க’ என்று சொல்கிறவர் என்பதால் அவருக்கு அலுவலகத்தில் ‘பொறுங்க சார்’ என்றே பெயர். அது அவருக்கும் தெரியும்.

“பொறுங்க, பொறுங்க. முதல்ல உட்காருங்க.”

“உட்கார நேரம் இல்ல சார். நாலு மணிக்கு அழிச்சிடுவாங்க.”

எல்லாவற்றையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பட்டியல் நீங்கதானே அனுப்பினீங்க?”

“நான்தான் சார்.”

“முழுப் பட்டியல்னு…”

“ஆமா சார். என் பேருதான் போட்டிருக்கேன். அங்க போடாத பேரை இங்க போட்டிருக்கேன்.”

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. “என் சாவியால ஆகும்னு நெனச்சு வந்திருப்பீங்க. உங்க சாவிக்கும் என் சாவிக்கும் ஒரே வித்தியாசம்தாம்மா, என்னோடதுல ரெண்டு எழுத்து கூட இருக்கு” என்றார். சிரிக்கவைக்கத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார்கள். பதினெட்டு நிமிடம் வாத்திய இசை கேட்டது. பிறகு ஒரு பெண் குரல்.

“கோரிக்கை பதிவாயிடுச்சு சார். மூணு வேலை நாளுக்குள்ள பார்ப்பாங்க.”

“நாலு மணிக்கு அழிக்கப்போறதை மூணு நாள் கழிச்சுப் பார்த்து என்னம்மா பண்றது?” ‘பொறுங்க சார்’ குரல் உயர்த்தி அன்றுதான் பெரியவள் கேட்டாள். “இருநூறு பேர் உயிர்ச் சமாசாரம்மா இது.”

அந்தக் குரல் தணிந்தது.

“சார், நான் ஒண்ணு சொல்லவா? இதை நான் மேல அனுப்பறேன், அவசரம்னு போட்டே அனுப்பறேன். ஆனா அழிக்கறது மனுஷங்க இல்ல, அதுவா நடக்கும். நிறுத்தக்கூடியவங்க இன்னைக்கு யாரும் இல்ல. நாலு மணிக்குள்ள நடந்துடும்னு நம்பி உட்கார்ந்திருக்காதீங்க. வேற ஏதாவது வழி இருந்தா அதைப் பாருங்க.”

சொல்லவேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை. ‘முயற்சி செய்கிறோம்’ என்று சொல்லி வைத்திருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் அவர்கள் நான்கு மணிவரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார்கள். பெயர் தெரியாத அந்தப் பெண்ணைக் கடவுள் நன்றாக வைக்கட்டும்.

பெரியவள் தங்கைக்குப் போன் செய்தபோது மணி பன்னிரண்டரை.

“என்னக்கா, டியூட்டில இருக்கேன்.”

“நம்ம காலை அழைப்பு லிஸ்ட், வேற எங்கேயாவது இருக்காடி? பேப்பர்ல, நோட்டுல?”

“அந்த மெஷின்லதான் இருக்கு. ஏன்?”

சொன்னாள். மறுமுனையில் வார்டுச் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ தண்ணீர் கேட்டார்கள். “இதோ வரேன் தாத்தா” என்று அவருக்குச் சொல்லிவிட்டு, சின்னவள் திரும்ப வந்தாள்.

“நீ இருக்கேன்னுதானேக்கா நான் எதையும் எழுதி வைக்கல” என்றாள். குறையாகச் சொல்லவில்லை. ஆச்சரியமாகத்தான் சொன்னாள். பெரியவளுக்கு அதுதான் அதிகம் வலித்தது.

“இப்ப திட்டாதேடி. சாயங்காலம் திட்டு. உன் பாஸ்வேர்டைக் கொடு. ஒவ்வொருத்தரா திறந்து படம் பிடிச்சு வெச்சுக்கலாம்.”

“மொத்தமா எடுக்க வராதா?”

“மொத்தமா எடுக்கற மாதிரி நான் எழுதலையே. ஒருத்தர் விவரம் இன்னொருத்தர் பார்க்கக்கூடாதுன்னு நீதானே சொன்னே.”

சொன்னவள் சின்னவள்தான். முதியவர்களின் பெயரும் நோயும் முகவரியும் பார்வைக்குப் பரவலாகக் கிடக்கக்கூடாது என்பது அவள் கட்டளை. அதனால் திரையில் ஒன்று முதல் இருநூற்றுப் பன்னிரண்டு வரை வெறும் எண்கள்தான் தெரியும். எண்ணைத் தட்டினால்தான் அந்த ஆள் திறப்பார். அதிலும் அந்த இயந்திரம் மிகச் சிறியது. ஒரு பக்கம் திறக்க ஒரு நிமிடம் பிடிக்கும். பலர் சேர்ந்து தட்டினால் மூன்று நிமிடம்கூட ஆகும்.

“அப்பாவையும் கூப்பிடு” என்றாள் சின்னவள். “சும்மாதானே இருக்கார். நான் சாப்பாட்டு நேரத்துல கொஞ்சம் பார்க்கறேன்.”

அப்பாவிடம் விளக்குவது கடினமாக இருக்கும் என்று பெரியவள் நினைத்திருந்தாள். அவர் இரண்டே கேள்வி கேட்டார்.

“எத்தனை மணி வரைக்கும்?”

“நாலுப்பா.”

“எந்தப் பக்கத்துலேர்ந்து?”

“நான் ஒண்ணுலேர்ந்து மேலே போறேன். நீங்க கடைசிலேர்ந்து கீழே வாங்க. இருநூத்திப் பன்னிரண்டு, பதினொண்ணு, பத்து, அப்படி. திரையைப் படம் பிடிக்கத் தெரியுமாப்பா?”

“எனக்கு அதெல்லாம் வராது. நோட்டுல எழுதறேன். பக்கம் திறக்கறதுக்குள்ள எழுதிட மாட்டேனா?”

பகல் ஒரு மணி. பெரியவள் ஒன்றாம் எண்ணைத் தட்டினாள். வெள்ளைத் திரையில் ஒரு சிறு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஓய்வுபெற்ற தையல்காரர், கால் வீக்கம், மாடி வீடு. அடுத்தது தட்டினாள். வட்டம் சுற்றியது. காது மந்தமான ஆசிரியை, ‘மெதுவாகப் பேசவும்’. அடுத்தது.

இரண்டு மணிக்கு ‘பொறுங்க சார்’ தன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அவள் மேஜைக்கே வந்துவிட்டார்.

“எந்த எண்ணுலேர்ந்து நான் பார்க்கட்டும்?”

“சார், நீங்க எதுக்கு…”

“பொறுங்க. எண்ணைச் சொல்லுங்க.”

“எழுபத்தஞ்சு சார்.”

அவர் தட்டத் தொடங்கியதும் எல்லோருக்கும் வட்டம் இன்னும் மெதுவாகச் சுற்றியது. உதவிக்கு வந்தவரே இடைஞ்சலும் ஆகிறார் என்று அவருக்குப் புரிந்தது. அரை நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார், பிறகு மறுபடி தட்டினார். வேறு என்ன செய்வது?

நடுவில் ஒருமுறை அப்பா கூப்பிட்டார்.

“நான் நூத்தி எழுபத்தெட்டுல இருக்கேன். நீ?”

“ஐம்பத்திரண்டு. அப்பா, வேகமா.”

“வேகமாத்தான் பண்றேன். வட்டம் சுத்துதே!” பிறகு குரலைத் தணித்தார். “லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்களுக்கு வெளியிலேர்ந்து பேச்சுக் கொடுத்துட்டே இருப்போம், தெரியுமா? கதவு திறக்க நேரமாகும்னாகூட, பேச்சு நின்னா பயந்துடுவாங்க. அதான் கூப்பிட்டேன்.”

“நான் மாட்டிக்கலப்பா.”

“குரலைக் கேட்டா அப்படித் தெரியலையே.”

மூன்று ஐம்பதுக்கு அவள் ஸ்கிரிப்டை இன்னொரு ஜன்னலில் திறந்து வைத்தாள். ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை அது பட்டியலை எடுத்து வந்து காட்டியது. ஓடுகிறது. ஓடுகிறது. ஓடுகிறது. அந்த ஒரு சொல்லைப் பார்த்துப் பார்த்து அவள் உதடு அசைந்தது. பிரார்த்தனை என்று தனியாக எதுவும் சொல்லவில்லை. அந்தச் சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

நான்கு மணிக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்கு ஒன்றுக்கும் ஓடியது. ‘பொறுங்க சார்’ தலையை நிமிர்த்தி, “ஒருவேளை…” என்றார்.

நான்கு இரண்டுக்கு அந்த வரி மாறியது. ‘நிறுத்தப்படுகிறது.’

தட்டிய பக்கம் திறக்கவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கையில் சாவி இருந்தது, இயந்திரம் கண்ணெதிரே இருந்தது. அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். செய்யக்கூடியது ஒன்றுதான் மிச்சம், பார்ப்பது. பார்த்தாள்.

நான்கு மூன்றுக்கு, ‘அழிக்கப்பட்டது’.

அழிந்த பிறகும் அந்த வரி சுமார் ஒரு மணி நேரம் பட்டியலில் கிடக்கும். அதற்குப் பிறகுதான் போகும். அது தெரிந்ததால் பெரியவள் ஐந்து மணிவரை இருக்கையை விட்டு எழவில்லை. அது போன பிறகு மறுபடி ஓட்டினாள். எண்பத்தேழு. அவள் கையெழுத்திட்டு அனுப்பிய பட்டியல் அப்போது சரியாகிவிட்டது.

சாயங்காலம் வீட்டில் மூன்று பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சின்னவள் உடுப்புக்கூட மாற்றவில்லை.

பெரியவள் எழுபத்துநாலு. மேலாளர் நாற்பத்துநாலு. சின்னவள் இரண்டு நோயாளிகளுக்கு நடுவில் கிடைத்த நேரத்தில் பதினொன்று. அப்பா இருநூற்றுப் பன்னிரண்டிலிருந்து நூற்றைம்பதுவரை இறங்கி அறுபத்து மூன்று, அச்சடித்த மாதிரி எழுத்தில். ஆக நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பேர் கைக்குக் கிடைத்தார்கள். நாளைக் காலை தொண்டர்கள் பிரித்துக்கொண்டு தாங்களே கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டார்கள். “மெஷினைவிட நாங்க நல்லாவே பேசுவோம், சிஸ்டர்” என்றாராம் ஒரு தொண்டர்.

மிச்சம் இருபது பேர். நூற்றுமுப்பதிலிருந்து நூற்று நாற்பத்தொன்பதுவரை.

சின்னவள் பேருந்தில் வரும்போதே எல்லாத் தொண்டர்களிடமும் பேசியிருந்தாள். அந்த இருபதில் பதின்மூன்று பேர் வீட்டுக்கு எப்போதாவது யாராவது போய்க் கதவு தட்டியிருக்கிறார்கள். வழி தெரியும்.

“மீதி ஏழு பேர்?” என்றாள் பெரியவள்.

“அவங்க வீட்டுக்கு யாருமே போனதில்லக்கா. போகவேண்டிய அவசியமே வரல. தினமும் முதல் மணிலயே எடுத்துடுவாங்க. ஒரு நாளும் தொந்தரவு கொடுக்காதவங்கதான் இப்ப தொலைஞ்சு போயிட்டாங்க.”

பெரியவள் தலையைக் கையில் தாங்கிக்கொண்டாள். “என் பேரை அந்த ஒரு இடத்துல எழுதியிருந்தா போதும்டி.”

“விடுக்கா. நானும்தான் எழுதி வைக்கல.”

“சாயங்காலம் திட்டுன்னு சொன்னேனே, திட்டுடி.”

“பசிக்குதுக்கா. சாப்பிட்டுட்டுத் திட்டறேன்” என்று சின்னவள் அவள் தோளில் சாய்ந்தாள்.

அப்பா நோட்டை மூடவே இல்லை. கடைசியாக எழுதிய பக்கத்தில் விரல் இருந்தது.

“அந்த ஏழுல நூத்தி நாப்பத்தொண்ணு இருக்கா?” என்று கேட்டார்.

சின்னவள் தன் குறிப்பைப் பார்த்தாள். “இருக்குப்பா. ஏன்?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்பப் போட்டுக்கொண்டார்.

“அது உங்க பெரியப்பா” என்றார்.

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பெரியப்பா என்ற சொல்லே அந்த வீட்டில் கேட்டுப் பதினொரு வருடம் ஆகிறது. ஒரு கல்யாண வீட்டு வாசலில், கேலியாகத் தொடங்கிய ஒரு வார்த்தை, அண்ணன் தம்பிக்குள் சுவராக நின்றுவிட்டது. அவரை அவர்களுக்குப் பெரியப்பா என்றுதான் தெரியும். முழுப்பெயர்கூடத் தெரியாது.

“நீங்களாப்பா சேர்த்தீங்க?” என்றாள் சின்னவள்.

“பெரியம்மா போயிட்டாங்க, எங்கேயோ வீடு மாறித் தனியா இருக்கார்னு என்கூட வேலை பார்த்தவர் வந்து சொன்னார். அவரோட புது போன் நம்பரும் ஒரு சீட்டுல கொடுத்தார். நான் உன் கம்ப்யூட்டர்ல அந்த நம்பரை மட்டும் போட்டேன். தொண்டர் யாரோ கூப்பிட்டுச் சம்மதமா, வீடு எங்கேன்னு அவர்கிட்டயே கேட்டு எழுதிக்கிட்டாங்க. யார் சேர்த்ததுன்னு சொல்லவேண்டாம்னு சொல்லிட்டேன்.”

“அந்தச் சீட்டு எங்கப்பா?”

“கிழிச்சுட்டேன்.”

“ஏன்ப்பா!”

“கையில இருந்தா கூப்பிட்டுடுவேனோன்னு பயம்மா.” சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் சிரித்தார். அது சிரிப்பு மாதிரி இல்லை.

“அந்த நண்பரைக் கேட்கலாமே?”

“அவர் போன வருஷமே போய்ச் சேர்ந்துட்டார்.”

சின்னவளுக்கு மெல்லப் புரிந்தது. “அப்போ தினமும் காலையில என் போனை வாங்கிப் பார்ப்பீங்களே…”

“நூத்தி நாப்பத்தொண்ணுல பச்சை விழுந்திருக்கான்னு பார்ப்பேன். உள்ளே ஒரு நாளும் திறந்து பார்த்ததில்ல. புள்ளியை மட்டும்தான்.”

“சரி, இன்னைக்கு நேரா அதைத் தட்டியிருக்கலாமேப்பா” என்றாள் பெரியவள். “முதல்லயே எழுதியிருக்கலாமே. யார் கேட்டா?”

“நீ கடைசிலேர்ந்து வரிசையா வரச் சொன்னே. எல்லார் வீட்டுப் பெரியவங்களும் வரிசையில இருக்காங்க. என் அண்ணன் மட்டும் முன்னால வரணுமான்னு…” நிறுத்தினார். மேஜையைப் பார்த்தார். “அதுவும் பொய்தாம்மா. நூத்தி எழுபதுலேயே கை அந்த எண்ணுக்குப் போச்சு. அவர் பேரை என் கையால எழுதணுமேன்னு இருந்தது. சரி, வரிசையில வரும்போது எழுதிக்கலாம்னு தள்ளிப் போட்டேன். இன்னும் ஒம்பது பேர். எட்டு பேரைத் தாண்டியிருந்தா ஒம்பதாவதா வந்திருப்பார்.”

கெட்டது செய்தவர்கள் யாரும் அந்த மேஜையில் இல்லை. ஒவ்வொருவரும் நல்லதென்று நினைத்து ஒரு சிறு இடத்தை வெற்றாக விட்டிருந்தார்கள்.

சின்னவள்தான் முதலில் எழுந்தாள். அப்பா பின்னால் போய் நின்று, அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“நாளைக்குச் சம்மதம் வாங்கின தொண்டர் யாருன்னு தேடறேன்ப்பா. ஞாபகம் இருந்தாலும் இருக்கும்.”

“தேடு.”

“பெரியப்பாவுக்கு நம்ம நம்பர் தெரியுமா?”

“என் நம்பர் தெரியும். நான் மாத்தவே இல்லையே. இருபது வருஷமா அதே நம்பர்தான்.”

“அப்ப நாளைக்கு ஆறு மணிக்கு மணி அடிக்கலேன்னா, என்னவோ ஏதோன்னு அவரே கூப்பிட்டாலும் கூப்பிடுவார்” என்றாள் பெரியவள்.

“யாரைன்னு கூப்பிடுவார்? பண்றது நாமன்னு அவருக்குத் தெரியாதே” என்றாள் சின்னவள்.

அப்பா எழுந்து போனை எடுத்தார். பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தி அழுத்திச் சத்தத்தைக் கடைசிவரை ஏற்றினார். சார்ஜரைச் செருகி மேஜையின் நடுவில் வைத்தார். தள்ளி நின்று பார்த்தார்.

“உன் போன்லேர்ந்து ஒரு தடவை அடிம்மா. கேக்குதான்னு பார்க்கலாம்.”

பெரியவள் அடித்தாள். கண்ணாடி டம்ளர் அதிரும்படி மணி அடித்தது. திரையில் அவள் பெயர்தான் மின்னியது. அப்பா அதை எடுக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. அது தானாக ஓய்கிறவரை பார்த்துக்கொண்டே நின்றார்.

“போதுமாப்பா சத்தம்?”

“இன்னொரு தடவை அடி” என்றார்.